அந்த மலைக்கு என்னைக் கூப்பிட்டது நீ

மகனே,

நீ பெர்த் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இதற்கு முன்பும் உனக்கு நீளமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டு முடித்துக்கொண்டாய். அதனால் இந்த முறை பேஸ்புக்கில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். நம் சொந்தத்தில் யாராவது ஒருவர் ‘உங்க அம்மா என்னவோ எழுதியிருக்காங்க, பாரு’ என்று உனக்கு அனுப்புவார்கள். நான் அனுப்பினால் படிக்கமாட்டாய், மற்றவர்கள் அனுப்பினால் படிப்பாய். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதில் உனக்கு எப்போதுமே அக்கறை அதிகம்.

ஈப்போவில் சித்தி வீட்டுக் கோயில் பூசைக்குப் போய்விட்டு கிள்ளானுக்குத் திரும்பிய அன்று, அடுக்குமாடிக்குக் கீழே என் மோட்டார் சைக்கிள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. திருடிவிட்டார்கள் என்று நினைத்துப் படியேறி ஓடி வந்தேன். நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “வித்துட்டேன்மா. காசு உன் அக்கவுண்ட்ல போட்டாச்சு. மச்சான் ரமணனும் அதான் சரின்னு சொன்னாரு. கால் இப்படி ஆனதுக்கு அப்புறம் உனக்கு எதுக்கு லா மோட்டரு?” என்றாய். வண்டி உன் பெயரில் இருந்தது. எனக்குக் கடன் கிடைக்காது என்று அன்று உன் பெயரில் எடுத்தோம். அதனால் விற்க உனக்கு என் கையெழுத்து தேவைப்படவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. நான் அன்று சண்டை போடவில்லை. வெளிநாடு போகிற பிள்ளையை அழுது அனுப்பக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிக்கொண்டது அது முதல் தடவையும் இல்லை.

நாம் எப்படி இருந்தோம் என்று உனக்கு நினைவு இருக்கிறதா? உன் அப்பா போனபோது நீ ஆரம்பப் பள்ளியில் இருந்தாய். போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்கு அலுவலகத்தில் எனக்கு வேலை. பஸ்ஸை நம்பினால் வேலையும் நிலைக்காது, உன் டியூஷனும் நடக்காது என்று மோட்டார் லைசென்ஸ் எடுத்தேன். மழை பிடித்துக்கொண்டால் பெடரல் நெடுஞ்சாலையில் ஏதாவது ஒரு பாலத்துக்கு அடியில், மற்ற மோட்டார்காரர்களோடு ஒதுங்கி நிற்போம். நீ என் மழைக்கோட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, “இன்னும் நிக்கலியாம்மா?” என்று கேட்டபடி இருப்பாய். பிறகு நீ வேலைக்குப் போய், எனக்கென்று நூற்றைம்பது சிசி வண்டியை நீயே பார்த்து வாங்கினாய். உனக்கு இருநூற்றைம்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் மோரிப், கோலசிலாங்கூர், கெந்திங் என்று இரண்டு பேரும் போவோம். வளைவுகளில் நீ எனக்கு முன்னால் போய், கண்ணாடியில் என் விளக்கு தெரியாவிட்டால் ஓரம்கட்டி நிற்பாய். நான் வந்து சேர்ந்ததும் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுக் கிளம்புவாய். மகனிடம் ஒரு தாய் இதற்குமேல் என்ன கேட்பாள்? எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் தரணி வந்தாள். நல்ல பெண். பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவள், யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீட்டில் எல்லாரும் படித்து உத்தியோகம் பார்ப்பவர்கள். அவள் அண்ணன் ரமணன் பல் மருத்துவர். மண் பாதைக்கென்றே செய்த உயரமான மோட்டார் வைத்திருந்தார், ஒரு குழுவும் வைத்திருந்தார். ரவூப் தாண்டி மலைமேல் ஓர் ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமத்துக்கு அரிசியும் பள்ளிப்பைகளும் கொண்டுபோகிறோம், நீயும் வா என்று உன்னை அழைத்தார். அந்தச் செய்தியோடு நீ வந்து நின்றது நம் சமையலறையில். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“நீயும் வாயேன்மா.”

“நான் எதுக்குடா? அவங்க எல்லாம் யாரு, நான் யாரு.”

“அதுக்குத்தான் சொல்றேன். அம்மா மோட்டர் ஓட்டுவாங்கன்னு சொன்னா அவரு சிரிக்கிறாரு. பாசாருக்கு மீன் வாங்கப் போற மாதிரின்னு நினைச்சுக்கிட்டாரு. நீ வந்து காட்டு.”

“ரோடு எப்படி?”

“முக்கால்வாசி தார் லா. கடைசியில கொஞ்சம் மண் ரோடு. நானே என் ரோடு பைக்லதான் வரேன், ஏன் பயப்படுற?”

இந்தப் பேச்சு உனக்கு மறந்துபோயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. என்னை யாரிடமாவது காட்டவேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய் என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை. கை ஈரத்தோடு நின்று, “சரி, வரேன்” என்றேன்.

கொஞ்சம் மண் ரோடு என்றாய். மரம் ஏற்றுகிற லோரிகள் வெட்டி வைத்த பாதை அது. காட்டுக்குள் நுழைந்ததும் தார் முடிந்தது. அதன் பிறகு மலை ஏறி முடிகிறவரை செம்மண்தான். நடுவில் சக்கரங்கள் அறுத்த ஆழமான பள்ளம், ஓரத்தில் உருளுகிற கல், அதற்கப்பால் ஒன்றும் இல்லை, மரங்களின் தலைதான் தெரிந்தது. மற்றவர்கள் வண்டிகளுக்குப் பல் பல்லாகக் கட்டை வைத்த டயர். நம் இரண்டு பேர் டயரும் தாருக்குச் செய்தது, வழவழப்பானது. அடிவாரத்தில் நீதான் இறங்கி வந்து என் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டாய். “முன் பிரேக்கைத் தொடாதம்மா. எழுந்து நின்னு ஓட்டு. பள்ளத்தைப் பாக்காத, போற இடத்தைப் பாரு” என்றாய். அப்படியே செய்தேன். கால்மிதியில் எழுந்து நின்று, கிளட்ச் கருகுகிற வாசத்தோடு, கை மரத்துப்போக ஏறினேன். ஓடையில் கல்மேல் சக்கரம் வழுக்கியபோதும் விழவில்லை. உச்சியில் கிராமத்துக் கூரைகள் தெரிந்ததும் ரமணன் ஹெல்மெட்டைக் கழற்றி, “Wah, aunty, on a road bike! சத்தியமா நம்பேல்ல” என்றார். நீ சிரித்துக்கொண்டு நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். வழியில் பட்ட பாடெல்லாம் அதோடு போய்விட்டது.

ஏறுவதைவிட இறங்குவது கடினம் என்று அன்று மத்தியானம் தெரிந்துகொண்டேன். கிராமத்தில் பைகளைக் கொடுத்து முடிப்பதற்குள் மலைக்குப் பின்னால் மேகம் கறுத்துவிட்டது. மழை வந்தால் கீழே மரப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும், அதற்குள் கடந்துவிடவேண்டும் என்று ரமணன் அவசரப்படுத்தினார். அது நியாயம்தான். எல்லாரும் சரசரவென்று இறங்கினார்கள். என் வண்டியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் களிமண் அடைந்து சக்கரம் சுற்ற மறுத்தது. இறங்கிக் குச்சியால் நோண்டி எடுத்தால், கொஞ்ச தூரத்தில் மறுபடி அடைத்துக்கொள்ளும். நீ பின்னால் நின்று ஒவ்வொரு தடவையும் எனக்காகக் காத்திருந்தாய். கீழிருந்து ஹாரன் அடித்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தூறல் விழ ஆரம்பித்ததும் நீ என்னைத் தாண்டி வந்து நிறுத்தினாய். “அம்மா, மெதுவா வா. நான் பாலத்துக்கிட்ட நிக்கிறேன்” என்றாய். நான் தலையை ஆட்டினேன். நீ போனாய். வளைவில் உன் பின்விளக்கு மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வளைவுக்கு முன்னாலேயே விழுந்தேன். முதல் கியரில் விட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள இறங்கிக்கொண்டிருந்தேன். மண் ஈரமானதும் பின்சக்கரம் பக்கவாட்டில் போயிற்று. பயத்தில் கை தானாக முன் பிரேக்கைப் பிடித்துவிட்டது. வண்டி வலப்பக்கம் சாய்ந்து, என் காலைக் கீழே வைத்துக்கொண்டு பள்ளத்துக்குள் சரிந்து நின்றது. கணுக்காலில் ஏதோ முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. சைலன்சர் கெண்டைக்கால்மேல் கிடந்தது. கால்சட்டைத் துணி சுட்டு, பிறகு தோல் சுட்டது. நான் கிடந்தது சரிவின் கீழ்ப்பக்கம். வண்டியைத் தள்ள முடியவில்லை. கை எட்டியது ஹாரன் ஒன்றுக்குத்தான். அதை அழுத்தினேன். விட்டுவிட்டு அழுத்தினேன். பிறகு விடாமல் அழுத்தினேன். மழை வலுக்கிறவரைக்கும் அழுத்தினேன். உன் வண்டிச் சத்தம் அப்போதும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, கீழே, அதிக தூரத்தில் இல்லை. என் ஹாரன் உனக்குக் கேட்டதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று நீ சொன்னால் என்னால் நம்பமுடியாது. கேட்டது என்று சொன்னால் அதற்குப் பிறகு நான் எப்படி உன்னைப் பார்ப்பது?

என்னைத் தூக்கியது அந்தக் கிராமத்துப் புருஷனும் பெண்டாட்டியும். பழைய மோட்டாரில் எங்களுக்குப் பின்னால் இறங்கி வந்தவர்கள். “ஆன்டி, ஜாங்ஙான் கெராக்” என்று அந்தப் பெண் என் தோளை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள, அவன் வண்டியை நிமிர்த்தினான். தனியாகவா வந்தாய் என்று மலாயில் கேட்டாள். மகன் கீழே பாலத்தில் நிற்கிறான் என்றேன். அவள் தன் தலைத்துணியை அவிழ்த்து என் காலில் சுற்றினாள். பெத்தாய் என்கிற காட்டுக் காயை ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு போர்-வீல் வண்டியை நிறுத்தி, காய்க்கட்டுகளுக்கு நடுவில் என்னைப் படுக்கவைத்தார்கள். அந்தப் பெண்ணும் என்னோடு ஏறிக்கொண்டாள். பாலம் வந்தது. எக்கி எட்டிப் பார்த்தேன். பாலத்தில் யாரும் இல்லை. அந்தப் பெண்ணும் பார்த்தாள். என் முகத்தில் விழுந்த மழையைத் துடைத்தாள்.

நீ இருந்தது தார் ரோட்டுக் கடையில். மேசையில் மேகி மீ ஆவி பறந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறுகிறது, இந்தப் பக்கம் நின்றால் மாட்டிக்கொள்வோம் என்று ரமணன் சொல்லியிருப்பார், நீயும் பயந்து கடந்திருப்பாய். சத்தியமாகச் சொல்கிறேன், அதை அன்றே மன்னித்துவிட்டேன். பயம் எல்லாருக்கும் வரும். நானும்தான் பயந்து பிரேக்கைப் பிடித்தேன். வண்டியிலிருந்து என்னை இறக்கியபோது எல்லாரும் எழுந்து ஓடி வந்தார்கள். ரமணன் என் காலைப் பார்த்துவிட்டு உன் பக்கம் திரும்பி, “What were you thinking, bringing her?” என்றார். அப்போது நீ சொன்னாய். என்னைப் பார்த்துச் சொன்னாய்.

“நான் அப்பவே சொன்னேன்லம்மா, வராதீங்கன்னு. கேட்டீங்களா?”

பிறந்ததிலிருந்து என்னை ‘நீ, வா, போ’ என்று பேசுகிற பிள்ளை நீ. அந்தக் கடை வாசலில்தான் முதன்முதலாக எனக்கு ‘நீங்க’ கிடைத்தது. கால் வலி கொஞ்ச நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தரணி வந்தாள். வேலையிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள், கழுத்தில் அலுவலக அட்டைகூடக் கழற்றவில்லை. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஆன்டி, நீங்களா வரேன்னு சொன்னீங்களா, இல்ல பிரகாஷ் கூப்பிட்டாரா?” நீ சுவரில் சாய்ந்து நின்றிருந்தாய். கல்யாண மண்டபம் பிடித்தாயிற்று. பெண் வீட்டார் உன்னை எப்படி எடைபோடுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் யோசிக்கக்கூட இல்லை. “நானாத்தான் வந்தேன்மா. பாவம், அவன் வேணாம்னுதான் சொன்னான்” என்றேன். நீ மூச்சு விட்டாய். அந்த மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று வீட்டுக்குப் போகிற வழியிலாவது, பிறகு ஒருநாளாவது, நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது நீ ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். எனக்கு ஆப்பிள் வெட்டிக் கொடுத்தாய். மருந்துக்கு நேரம் பார்த்தாய். வீல்சேரைத் தள்ளினாய். அதை மட்டும் சொல்லவே இல்லை.

சரி, அதையும் விழுங்கிவிட்டேன் என்று வை. உன் கல்யாண விருந்தில் ரமணன் மைக்கைப் பிடித்தாரே, அதை எப்படி விழுங்குவது? மகன் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் மலையேறிய மாமியார், காய்க்கட்டோடு இறங்கி வந்த மாமியார் என்று அவர் நடித்துக்காட்டினார். நல்ல மனிதர், மனதில் விஷம் இல்லாமல்தான் சொன்னார், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதானே. மண்டபமே சிரித்தது. என் மேசையில் என் அலுவலகத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். நான் பட்டுப்புடவைக்குள் தழும்பேறிய காலை இழுத்துக்கொண்டு மேடையைப் பார்த்தேன். நீயும் சிரித்துக்கொண்டிருந்தாய். தரணி சிரிக்கவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா இல்லாத பிள்ளைக்குக் கல்யாணத்தன்று நான்தான் நாலு வார்த்தை சொல்லியிருக்கவேண்டும், அன்று முடியவில்லை. இப்போது சொல்கிறேன். நீ ஒருத்தியை உன்னோடு கூட்டிக்கொண்டு தெரியாத ஊருக்குப் போயிருக்கிறாய். அங்கே எல்லாம் தார் ரோடாக இருக்காது. அவள் தடுமாறுவாள், வேலை கிடைக்காமல் அழுவாள், ஊருக்கே போய்விடலாம் என்பாள். அப்போது உன் அலுவலகத்துக்காரர்களிடமோ, அவள் அண்ணனிடமோ, ‘நான் அப்பவே சொன்னேன், கேக்கல’ என்று சொல்லாதே. கூப்பிட்டது நீ என்றால் கூப்பிட்டது நீ. அதைச் சொல்வதால் எவனும் உன்னைத் தின்றுவிடமாட்டான். முன்னால் போகவேண்டியிருந்தால் போ. ஆனால் நிற்கிறேன் என்று சொன்ன இடத்தில் நில். நிற்கமுடியாவிட்டால் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போ. பள்ளத்தில் கிடப்பவருக்கு, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிவதுகூடத் தேவலை. வருவான் என்று நம்பிக்கொண்டு கிடப்பதுதான் பொறுக்கமுடியாதது.

இதையெல்லாம் பொதுவில் எழுதுவதா என்று பல நாள் யோசித்தேன். போன வாரம்வரை எழுதமாட்டேன் என்றுதான் இருந்தேன். போன வாரம் நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் தரணி அழைத்தாள். கால் எப்படி இருக்கிறது, நடக்கிறீர்களா என்று கேட்டாள். மோட்டாரை விற்றது தனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் விட்டிருக்கமாட்டேன் என்றாள். எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

“தரணி, ஆஸ்பத்திரியில உங்கிட்ட ஒரு பொய் சொன்னேன்மா.”

“தெரியும் அம்மா.”

“என்ன தெரியும்?”

“அவர்தான் உங்களைக் கூப்பிட்டார்னு. முதல் நாளே போன்ல என்கிட்ட சொல்லிட்டார். அவ்வளவு சந்தோஷமா சொன்னார். அம்மாவையும் கூட்டிட்டு வரேன், உங்க அண்ணன் அசந்துருவாருன்னு.”

“அப்ப எதுக்கும்மா என்கிட்ட கேட்ட?” என்றேன்.

“உங்ககிட்ட கேக்கல அம்மா. அவர் அங்க நின்னார். அவர் வாயால என்ன சொல்றார்னு பாக்கத்தான் கேட்டேன். நீங்க முந்திட்டீங்க.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. எல்லாம் தெரிந்தேதான் உன் பக்கத்தில் மணவறையில் உட்கார்ந்திருக்கிறாள். அண்ணன் மைக்கில் கதை சொன்னபோது, நீ எழுந்து ‘இல்லை, நான்தான் கூப்பிட்டேன்’ என்று சொல்வாயா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எல்லார் கண்ணிலும் மண்ணைத் தூவினேன். அவள் கண்ணில் அது விழவே இல்லை. நான் செய்ததெல்லாம், நீ மனிதனாக நடந்துகொள்ள உனக்குக் கிடைத்த ஒரு நிமிடத்தைப் பிடுங்கிக்கொண்டதுதான். இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “எழுதுங்கம்மா” என்றாள்.

இனி ரமணனுக்கும் தெரியும், அவர்கள் வீட்டாருக்கும் தெரியும், என் அலுவலகத்துக்கும் தெரியும். மறைப்பதற்கு உனக்கு ஒன்றும் மிச்சம் இல்லை. உனக்குக் கோபம் வரும். அம்மா என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று கத்துவாய். கத்து. நான் புதிதாக ஒரு மோட்டார் பார்த்து வைத்திருக்கிறேன், என் பெயரில். கால் தாங்கினால் ஓட்டுவேன், தாங்காவிட்டால் கீழே நிறுத்தித் துடைத்துக்கொண்டிருப்பேன். அதைப் பற்றி உன்னிடம் கேட்கப்போவதில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டு நீ அழைக்கவும் வேண்டாம், அந்த அழைப்பை எடுப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

இன்று மாலை நீ வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது தரணி இதைப் படித்து முடித்திருப்பாள். உன்னிடம் ஏதாவது கேட்பாள், அல்லது கேட்காமல் உன் முகத்தையே பார்ப்பாள். அவளுக்குப் பதில் சொல். இந்தத் தடவை நான் முந்தமாட்டேன்.

அம்மா